விளக்கம் எப்படி சொல்லணும், எப்ப நிறுத்தணும்: சொல்லிக் குடுக்கிறவங்களுக்கு ஒரு கைடு

பாடம் நடத்தி முடிச்சுட்டு "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா என்ன பதில் வரும்னு நமக்கே தெரியும், எல்லாரும் தலையாட்டுவாங்க. பொய்யா ஆட்டல, நிஜமாவே அவங்களுக்கு புரிஞ்ச மாதிரிதான் இருக்கும், பிரச்னையே அதுதான். மறுநாள் அதே கணக்குல நம்பரை மட்டும் மாத்திக் குடுத்தா பேனாவை வச்சுக்கிட்டு முழிப்பாங்க, நாமளும் "நேத்துதானே அவ்ளோ நேரம் சொன்னேன்"னு கத்துவோம்.

இதை சோதனை பண்ணியே பாத்திருக்காங்க. 2013ல வந்த ஒரு ஆய்வு, மூணு கலர் பூனைங்க ஏன் பெரும்பாலும் பொட்டையாவே இருக்குன்னு ஒரே ஆள் ஒரே வசனத்தை ரெண்டு வீடியோவா பேசுறாங்க. ஒண்ணுல நிமிர்ந்து நின்னு, கேமராவைப் பாத்து, தடங்கல் இல்லாம. இன்னொண்ணுல குனிஞ்சு பேப்பரைப் பாத்து தட்டுத்தடுமாறி. முதல் வீடியோ பாத்த ஸ்டூடன்ட்ஸ் நமக்கு நிறைய ஞாபகம் இருக்கும்னு சொன்னாங்க, டெஸ்ட் வச்சா ரெண்டு குரூப்புக்கும் ஏறக்குறைய ஒரே மார்க். 2019ல ஹார்வர்ட் பிசிக்ஸ் கிளாஸ்ல பண்ணினது இன்னும் மோசம், நல்லா லெக்சர் குடுக்குறவர் பேசி கேட்டவங்க "நிறைய கத்துக்கிட்டோம்"னு நெனச்சாங்க, ஆனா டெஸ்ட்ல ஜெயிச்சது தாங்களே மண்டையை ஒடைச்சு கணக்கு போட்ட குரூப்பு, அவங்களுக்கோ கம்மியா கத்துக்கிட்ட ஃபீலிங்.

அதனால டியூஷன் எடுக்குறவங்களோ, டீச்சரோ, வீட்டுல தம்பி தங்கச்சிக்கு சொல்லிக் குடுக்கிறவங்களோ, யாரா இருந்தாலும் முதல்ல ஒண்ணை விட்டுடுங்க, நம்ம விளக்கம் நல்லா இருந்துச்சாங்கிறதை வச்சு அளக்கிறது. நாம பக்கத்துல இல்லாதப்ப அந்தப் புள்ளை என்ன செய்யுது, அதை மட்டும்தான் பாக்கணும். கீழ சொல்றது எல்லாமே அதை வச்சுத்தான்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம்

சொல்லிக் குடுக்கப் போற விஷயத்துல ரெண்டே ரெண்டு கேள்வி குடுத்து ஒரு பேப்பர்ல போடச் சொல்லுங்க. மார்க் போடாதீங்க, திட்டாதீங்க. யாருக்கு சுத்தமா தெரியல, யாருக்கு பாதி தெரியும், யாருக்கு முழுசா தெரியும்னு பாக்கத்தான் இது. இந்த ரெண்டு நிமிஷத்தை எல்லாரும் ஸ்கிப் பண்ணிடுறாங்க, ஆனா மொத்த கைடுல இதுதான் ரொம்ப முக்கியம்னு நான் சொல்லுவேன், ஏன்னா ஒருத்தருக்கு கைகுடுக்கிற அதே உதவி இன்னொருத்தரை கெடுக்கும்.

எப்படின்னா, நம்ம மனசுல ஒரே நேரத்துல வச்சு வேலை பாக்கிற இடம் ரொம்ப சின்னது. புதுசான விஷயம்னா சுமார் 4 துண்டுதான் நிக்கும்னு நெல்சன் கோவன் 2001ல கணக்கு சொன்னார். புதுசா கத்துக்கிறவன்கிட்ட ஒரு கணக்கை தூக்கிப் போட்டு "நீயே கண்டுபிடி"ன்னா அந்த 4 இடமும் விடையைத் தேடுறதுலயே போயிடும், கத்துக்க இடம் மிஞ்சாது. அவனுக்கு முழுசா போட்டுக் காட்டின கணக்குதான் வேணும். ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985ல அல்ஜீப்ரா வச்சு இதைக் காட்டினாங்க, போட்டுக் காட்டின கணக்கைப் படிச்சவங்க அதே மாதிரி கணக்கை சீக்கிரமாவும் தப்பு கம்மியாவும் போட்டாங்க. ஆனா ஏற்கனவே தெரிஞ்சவனுக்கு இதே படிப்படியான விளக்கத்தைக் குடுத்தா அவன் தனக்குத் தெரிஞ்சதையும் நீங்க சொல்றதையும் ஒத்துப் பாத்துக்கிட்டு நேரத்தை வீணடிப்பான், சில சமயம் உதவியே இல்லாதவனை விட மோசமா போடுவான். கல்யூகாவும் ஸ்வெல்லரும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து 2003ல இதைத் தொகுத்து எழுதியிருக்காங்க. நல்லா படிக்கிற புள்ளை கிளாஸ்ல கொட்டாவி விட்டா அது திமிர் இல்லீங்க, அவனுக்கு தேவையில்லாத விளக்கத்தை நாம ஓட்டிக்கிட்டு இருக்கோம்.

சுத்தமா தெரியாதவங்களுக்கு: போட்டுக் காட்டுங்க, ஆனா ஒழுங்கா

2/3 + 1/4 எடுத்துக்குவோம். போர்டுல இப்படி எழுதுங்க:

2/3 + 1/4 (பகுதி 3ம் 4ம் வேற, அதாவது துண்டோட அளவே வேற, அப்படியே கூட்ட முடியாது)
பொதுவான பகுதி 12 (3ம் 4ம் ரெண்டும் வகுக்கிற சின்ன எண்)
2/3 = 8/12 (மேலயும் கீழயும் 4ஆல பெருக்கினோம், மதிப்பு மாறல)
1/4 = 3/12 (இங்க 3ஆல)
8/12 + 3/12 = 11/12 (இப்ப துண்டு எல்லாம் ஒரே அளவு, எண்ணி கூட்டிக்கலாம்)

காரணம் எங்க இருக்குன்னு பாருங்க, அந்தந்த வரிக்குப் பக்கத்துலயே இருக்கு. கணக்கை மேல போட்டு விளக்கத்தை கீழ பத்தியா எழுதினா கண்ணு மேலயும் கீழயும் ஓடிக்கிட்டே இருக்கும், அந்த ஓட்டத்துக்கே மூளை செலவாகும். ஜியாமெட்ரில படம் ஒரு பக்கம், நிரூபணம் அடுத்த பக்கம்னு அச்சடிச்ச புத்தகத்தைப் படிக்க ஏன் எரிச்சல் வருதுன்னா இதுதான். கோணத்தோட அளவை கோணத்துக்குள்ளயே எழுதிடுங்க, காரணத்தை வரிக்குப் பக்கத்துல எழுதிடுங்க, பாதி வேலை முடிஞ்சது.

அப்புறம் ஒரே மூச்சுல பத்து கணக்கு போட்டுக் காட்டிட்டு பத்து கணக்கு ஹோம்வொர்க் குடுக்காதீங்க. ஒண்ணு காட்டுங்க, அதே மாதிரி ஒண்ணு உடனே போடச் சொல்லுங்க, திரும்ப ஒண்ணு காட்டுங்க. அதுக்கு அடுத்து கடைசியில இருந்து உதவியை உருவ ஆரம்பிங்க. 3/5 + 1/6க்கு 18/30 + 5/30 வரைக்கும் நீங்க எழுதிட்டு கடைசி வரியை மட்டும் காலியா விடுங்க. அடுத்து 1/2 + 2/7, இதுல பொதுவான பகுதி 14ன்னு மட்டும் குடுத்துட்டு மிச்சத்தை அவங்ககிட்ட விடுங்க. அதுக்கு அடுத்து 3/8 + 2/5, ஒண்ணுமே எழுதாதீங்க. 31/40 வந்துடும். முன்னாடி படியை முதல்ல உருவுறதை விட பின்னாடியில இருந்து உருவினா பசங்களுக்கு சுலபமா இருக்கு, ஒவ்வொரு கணக்கையும் முடிச்சு விடையைப் பாத்த திருப்தியும் அவங்களுக்கே கிடைக்குது.

நீங்க சொல்றதை விட அவங்க சொல்றது பெருசு

மிஷலீன் சீயும் அவங்க கூட இருந்தவங்களும் 1989ல ஒண்ணு பண்ணினாங்க. பிசிக்ஸ் புத்தகத்துல இருக்கிற போட்டுக் காட்டின கணக்குங்களை குடுத்து, படிக்கும்போது மனசுல ஓடுறதை வாய்விட்டு சொல்லச் சொன்னாங்க. பின்னாடி நல்லா போட்டவங்க யாருன்னா, படிக்கும்போதே "இந்த விசை ஏன் இந்தப் பக்கம்?", "இது எனக்கு புரியலையே"ன்னு தனக்குத் தானே விளக்கிக்கிட்டு, நின்னு நின்னு போனவங்க. சரியா போடாதவங்க "ம், சரி, புரிஞ்சுது"ன்னு சொல்லிட்டே தாண்டிப் போயிருக்காங்க. 1994ல எட்டாவது படிக்கிற பசங்களுக்கு ரத்த ஓட்டத்தைப் பத்தி ஒரு பாடம் குடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி "இதை உனக்கு நீயே விளக்கிக்கோ"ன்னாங்க, அதையே சும்மா ரெண்டு தடவை படிச்ச குரூப்பை விட இவங்க நல்லா புரிஞ்சுக்கிட்டாங்க.

அதனால போட்டுக் காட்டின கணக்குல நடுவுல கையை வச்சு கேளுங்க, "கீழ 4ஆல பெருக்கினோம் சரி, மேல எதுக்கு?" பதில் "அதுதான் ரூல்"னு வந்தா அதை பதிலா எடுத்துக்காதீங்க. "ரூல் யாரு போட்டாங்க, மேல பெருக்காம விட்டா 2/12 ஆகும்ல, அது 2/3ஆ?"ன்னு தள்ளுங்க. முதல்ல திணறுவாங்க, இழுப்பாங்க, பாதி தப்பா சொல்லுவாங்க. பரவால்ல. அந்த இழுவையிலதான் கத்துக்கிறது நடக்குது, அதை நாம பொறுக்க முடியாம வாயைத் திறந்து முழு பதிலையும் சொல்லிட்டோம்னா விளக்கினது நாம, கத்துக்கிட்டதும் நாமதான்.

இதுல காத்திருக்கிறது ஒரு தனி கலை. மேரி பட் ரோ 1970கள்ல கிளாஸ்ரூம் டேப்பை எல்லாம் கேட்டு, டீச்சர் கேள்வி கேட்டுட்டு சராசரியா 1 செகண்ட்தான் காத்திருக்காங்கன்னு கண்டுபிடிச்சாங்க. அதை 3 செகண்டுக்கு நீட்டினா பதில் நீளமாச்சு, "தெரியாது"ன்னு சொல்றது குறைஞ்சுது. 3 செகண்ட் கேக்கிறதுக்கு சின்னதா இருக்கும், கிளாஸ்ல நின்னு பாருங்க, ஒரு யுகம். மனசுக்குள்ள எண்ணிக்கோங்க.

தப்பு வந்தா

2/3 + 1/4க்கு பதில் 3/7ன்னு எழுதியிருக்கான்னு வைங்க. மேலயும் மேலயும் கூட்டிட்டான், கீழயும் கீழயும் கூட்டிட்டான், உலகம் பூரா இருக்கிற தப்பு இது. நம்ம கை தானா சிவப்பு பேனாவைத் தேடும், "பகுதியை கூட்டக் கூடாதுன்னு எத்தன தடவை சொல்றது". அதுக்கு பதிலா இப்படி போகலாம்:

"2/3 பாதிக்கு மேலயா கீழயா?"
"மேல."
"சரி, 3/7?"
கொஞ்ச நேரம் யோசனை. "7ல பாதி மூணரை... அப்ப பாதிக்கு கீழ."
"பாதிக்கு மேல இருக்கிறதோட இன்னும் கொஞ்சம் சேத்தோம், பாதிக்கு கீழ வந்துடுச்சா?"

இந்த இடத்துல அவன் மூஞ்சியைப் பாருங்க. ரூலை நூறு தடவை சொல்லி வராதது, அவன் விடையே அவனை மறுக்கும்போது வரும். இப்ப விளக்கம் குடுங்க, காது தானா திறந்து இருக்கும். விளக்கத்துக்கு சரியான நேரம்னு ஒண்ணு இருக்கு, தேவை வந்ததுக்கு அப்புறம்தான் அது. ஷ்வார்ட்ஸும் பிரான்ஸ்ஃபர்டும் 1998ல காட்டினதும் கிட்டத்தட்ட இதுதான், முதல்ல தரவுகளை தாங்களே ஒப்பிட்டு வித்தியாசம் தேடிட்டு அப்புறம் லெக்சர் கேட்டவங்க, பாடத்தை சுருக்கி எழுதிட்டு அதே லெக்சரைக் கேட்டவங்களை விட நல்லா பயன்படுத்தினாங்க.

அப்ப மேல "போட்டுக் காட்டுங்க"ன்னு சொன்னது என்னாச்சுன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. மனு கபூர் இந்தப் பக்கத்துல நிறைய வேலை பண்ணியிருக்கார், முதல்ல திணற விட்டு அப்புறம் சொல்லிக் குடுக்கிறது. அது எடுபடணும்னா ரெண்டு வேணும்: புள்ளைக்கு முயற்சி பண்ணிப் பாக்கிற அளவுக்காவது முன்னறிவு இருக்கணும், திணறினதுக்கு அப்புறம் நீங்க கண்டிப்பா வந்து அவங்க போட்ட வழிங்களையே எடுத்து, சரியான வழியோட பக்கத்துல வச்சு விளக்கணும். திணற விட்டுட்டு அப்படியே பெல் அடிச்சு வீட்டுக்கு அனுப்பினா அது சும்மா தோல்விதான். கருத்தா புரிய வேண்டிய விஷயத்துக்கு திணறல் முதல்ல, செய்முறையா கைக்கு வர வேண்டியதுக்கு போட்டுக் காட்டுறது முதல்ல, நான் அப்படித்தான் பிரிச்சுக்கிறேன். கறாரான கோடு இல்ல.

ஹின்ட் குடுக்கிற வரிசை

1976ல டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூணு பேரும் 3, 4, 5 வயசு குழந்தைங்களுக்கு 21 மரக்கட்டையை கோத்து பிரமிட் கட்ட உதவி பண்ணி பாத்து, ஸ்கேஃபோல்டிங்னு (கட்டடத்துக்கு சாரம் கட்டுற மாதிரி) இந்த மாதிரி உதவிக்கு பேர் வச்சாங்க. வுட் தன்னோட ஆய்வுகள்ல சொன்ன ஒரு விதி ரொம்ப சிம்பிள்: குழந்தை தப்பினா உதவியை ஒரு படி கூட்டு, சரியா செஞ்சா ஒரு படி குறை. கேக்க சுலபம், செய்யறது கஷ்டம், ஏன்னா சரியா செய்யும்போதும் நாம பேசிக்கிட்டே இருப்போம்.

படின்னா என்னன்னு முன்னாடியே எழுதி வச்சுக்கோங்க. முதல் படி கவனத்தை மட்டும் திருப்புறது, "கீழ இருக்கிற எண்ணுங்களைப் பாரு". ரெண்டாவது கருத்தை ஞாபகப்படுத்துறது, "துண்டு ஒரே அளவா இருந்தாதானே எண்ண முடியும்?" மூணாவது அடுத்த செயலைச் சொல்றது, "3க்கும் 4க்கும் பொதுவான எண் தேடு". கடைசி படி நீங்களே அந்த வரியைப் போட்டுக் காட்டுறது, காட்டினா உடனே அதே மாதிரி இன்னொண்ணு அவன் போடணும், அது இல்லாம விடாதீங்க.

பசங்க ரொம்ப சாமர்த்தியசாலிங்க, இதையும் சொல்லியாகணும். கம்ப்யூட்டர்ல ஹின்ட் பட்டன் வச்ச ஸாஃப்ட்வேர்ல நிறைய பேரு ஹின்டை படிக்கவே மாட்டாங்க, கடைசி ஹின்டுல விடை இருக்கும்னு தெரிஞ்சு டக்டக்னு தட்டிக்கிட்டே போவாங்க. இதை ஆராய்ஞ்சவங்க பாத்தது, இப்படி சிஸ்டத்தை ஏமாத்துறவங்க கத்துக்கிறது கம்மி. மனுஷ டீச்சர்கிட்டயும் இதே கதைதான், "சார் தெரியல சார்"னு சொல்லிட்டு உங்க மூஞ்சியைப் பாத்துட்டு உக்காந்தா ரெண்டு நிமிஷத்துல விடை வந்துடும்னு பழகி வச்சிருப்பாங்க. அதனால ஹின்ட் கேட்டா ஒரு விலை வைங்க: "இதுவரைக்கும் என்ன பண்ணினே, எந்த இடத்துல நின்னுச்சு, சொல்லு". பாதி பேருக்கு அதைச் சொல்லும்போதே வழி தெரிஞ்சுடும்.

ஸ்லைடு, படம், கருத்து எழுதுறது

இது சின்ன விஷயம்தான், சீக்கிரம் சொல்லிடுறேன். ஸ்லைடுல எழுதினதை அப்படியே வாசிக்காதீங்க, படிக்கிறதும் கேக்கிறதும் மோதிக்கும். படம் காட்டினா வாயால விளக்குங்க, படத்துக்கு மேல பத்தி பத்தியா எழுத்து வேணாம். பாடத்துக்கு சம்பந்தமில்லாத சுவாரசியமான துணுக்கு, கார்ட்டூன், மியூசிக் எல்லாம் கவனத்தை இழுத்துட்டு போயிடும், ரிச்சர்ட் மேயர் வருஷக்கணக்கா இதைத்தான் சோதிச்சுக் காட்டினார். பசங்களுக்கு துணுக்கு மட்டும் ஞாபகம் இருக்கும்.

பசங்க நோட்டைத் திருத்தி கருத்து எழுதுறதுல ஒரு எச்சரிக்கை. குளூகரும் டெனிஸியும் 1996ல நிறைய ஆய்வுகளை சேத்துப் பாத்தப்ப, மூணுல ஒரு பங்குக்கு மேலான சோதனைகள்ல, கருத்து சொன்னதுக்கு அப்புறம் செயல்பாடு குறைஞ்சிருக்கு. ஆளைப் பத்தி சொன்னா கவனம் வேலையை விட்டு தன் மேலயே போயிடுது, "நீ புத்திசாலி"ன்னாலும் சரி, "சோம்பேறி"ன்னாலும் சரி. வேலையைப் பத்தி மட்டும் எழுதுங்க: "பொதுவான பகுதி சரி, 2/3ஐ மாத்தும்போது மேல பெருக்க விட்டுட்டே, அதை மட்டும் திருத்து". எழுதிட்டு திருத்துறதுக்கு நேரமும் குடுங்க, நோட்டை மூடி அடுக்கி வச்சா நீங்க எழுதினது உங்களுக்கு மட்டும்தான்.

சாட்பாட் கையில இருக்கே, அதுக்கு என்ன

துருக்கியில ஒரு ஹைஸ்கூல்ல கிட்டத்தட்ட ஆயிரம் பசங்களை வச்சு கணக்குப் பாடத்துல சோதிச்சாங்க, 2025ல வெளிவந்துச்சு. ஒரு குரூப்புக்கு சாதாரண சாட்பாட், கேட்டா விடையே குடுத்துடும். இன்னொரு குரூப்புக்கு டீச்சருங்க எழுதின ஹின்ட் போட்டு, விடையை சொல்லாதேன்னு கட்டுப்படுத்தின சாட்பாட். மூணாவது குரூப்புக்கு ஒண்ணும் இல்ல. ப்ராக்டிஸ்ல முதல் குரூப்பு ஒண்ணுமே இல்லாதவங்களை விட 48% மேல, ரெண்டாவது 127% மேல. அப்புறம் சாட்பாடை புடுங்கிட்டு பரீட்சை வச்சாங்க. முதல் குரூப்பு, சாட்பாடையே பாக்காதவங்களை விட 17% கீழ போயிடுச்சு. ரெண்டாவது குரூப்புக்கு அந்த சரிவு இல்ல, ஆனா ப்ராக்டிஸ்ல பறந்த அளவுக்கு பரீட்சையில பெரிய லாபமும் இல்லங்கிறதை கவனிங்க.

அதனால வீட்டுல பசங்க யூஸ் பண்ணினா இப்படி பழக்குங்க: முதல்ல பேப்பர்ல தானே முயற்சி, அப்புறம் தன் வழியை டைப் பண்ணி "எந்த வரியில தப்பு இருக்குன்னு மட்டும் சொல்லு, விடை வேணாம், திருத்தாதே"ன்னு கேக்கணும். முடிச்சதும் ஸ்கிரீனை ஆஃப் பண்ணிட்டு அதே மாதிரி இன்னொரு கணக்கு. அந்த கடைசி கணக்கு இல்லாம ஹோம்வொர்க் முடிஞ்சதுன்னு ஒத்துக்காதீங்க, நோட்டு எவ்ளோ அழகா இருந்தாலும்.

உதவியை எடுத்தாச்சா, ரெண்டு நாள் விட்டு பாருங்க

சொல்லிக் குடுத்த அன்னிக்கே டெஸ்ட் வச்சா எல்லாரும் நல்லாத்தான் போடுவாங்க. ரோடிகரும் கார்பிக்கும் 2006ல ஒரு பத்தியை சிலரை திரும்பத் திரும்ப படிக்க வச்சாங்க, சிலரை படிச்சுட்டு பாக்காம எழுத வச்சாங்க. 5 நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சப்ப திரும்ப படிச்சவங்க முன்னாடி. 2 நாள் கழிச்சும், ஒரு வாரம் கழிச்சும் வச்சப்ப பாக்காம எழுதினவங்க முன்னாடி. அன்னிக்கு மார்க்கை வச்சு முடிவு பண்ணினா தப்பான முறையையே நல்ல முறைன்னு நெனச்சுட்டு இருப்போம்.

ரெண்டு மூணு நாள் விட்டு, முன்னறிவிப்பு இல்லாம, உதவி எதுவும் இல்லாம ரெண்டு கணக்கு குடுங்க. ஒண்ணு அதே மாதிரி, ஒண்ணு வேஷம் மாத்தினது, கூட்டலுக்கு பதிலா 5/6 − 3/8 மாதிரி. முதல்தை போட்டு ரெண்டாவதுல மாட்டினா படிங்களை மனப்பாடம் பண்ணியிருக்கான், காரணம் ஏறல, அந்த "ஏன்"ங்கிற கேள்விங்களுக்கு திரும்பப் போகணும். ரெண்டுலயும் மாட்டினா முதல்ல இருந்து மொத்தத்தையும் சொல்ல ஆரம்பிக்காதீங்க, நமக்கு வர்ற முதல் ஆசை அதுதான். எந்த வரியில கை நின்னுச்சுன்னு பாத்து, அதுக்கு முந்தின வரி வரைக்கும் நீங்க எழுதிக் குடுத்து மிச்சத்தை போடச் சொல்லுங்க. ரெண்டையும் போட்டு, ஏன்னு கேட்டா தடுமாறினாலும் சொந்த வார்த்தையில சொல்லிட்டான்னா அவன்கிட்ட பின்னக் கூட்டலைப் பத்தி மறுபடி பேச வேணாம், பக்கத்துல இன்னும் பொதுவான பகுதி தேடிக்கிட்டு இருக்கிற புள்ளைகிட்ட போய் உக்காருங்க.